சர்க்கரை நோயும் சந்தோஷமான உடற்பயிற்சியும்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பல ஊர்களிலிருந்தும் நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக.

சர்க்கரை நோய் பற்றி நாம் கூடிப் பேசுவது இது முதல் முறையல்ல. என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக்கூடாது என்று முன்பே பேசியிருக்கிறோம். இன்று பேச எடுத்துக்கொண்டது உடற்பயிற்சி. அதிலும் குறிப்பாக, அதை எப்படிப் பிடித்துச் செய்வது என்பது. "நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார், பத்து நாள் நடந்தோம், விட்டுவிட்டோம்" என்ற பதிலைத்தான் எல்லா ஊரிலும் கேட்கிறோம். மருந்தைக் கசந்தாலும் விழுங்கிவிடலாம். உடற்பயிற்சி அப்படியில்லை. அது கசந்தால் யாரும் தொடர்ந்து செய்யமாட்டார்கள்.

நம் ஊர் நிலைமை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மருத்துவர்களும் சேர்ந்து இந்தியா முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. நாட்டில் பெரியவர்களில் 100 பேரில் 11 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அது சொன்னது. மாநிலவாரியாகப் பார்த்தால் முதல் இடம் கோவா, 26.4 சதவீதம். இரண்டாவது இடம் நம் புதுச்சேரி, 26.3 சதவீதம். அதாவது நான்கு பெரியவர்களை வரிசையில் நிறுத்தினால் ஒருவருக்குச் சர்க்கரை. இந்தக் கூட்டத்திலேயே உங்கள் வலப்பக்கம், இடப்பக்கம் பாருங்கள், கணக்கு புரியும்.

இது பணக்கார வியாதி என்ற எண்ணமும் இனி செல்லாது. சென்னையில் வசதியான ஏசியாட் காலனியையும், வசதி குறைந்த பாரதி நகரையும் பத்தாண்டுகள் இடைவெளியில் இரண்டு முறை ஆராய்ந்தார்கள். ஏசியாட் காலனியில் சர்க்கரை நோயாளிகள் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆனார்கள். பாரதி நகரில் 6.5 சதவீதமாக இருந்தது 15.3 ஆகிவிட்டது. ஏழை வீட்டுக்கும் வசதியான வீட்டுக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது.

இதன் விளைவை நம் அறக்கட்டளை நேரில் பார்க்கிறது. டயாலிசிஸ் செலவுக்கு உதவி கேட்டு வருகிற குடும்பங்களும், காலில் புண் ஆறாமல் விரலை எடுத்தவர்களின் குடும்பங்களும் நாம் அறிந்தவைதான். கொடுக்கிற உதவியைக் குறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த நிலைக்கு ஒரு குடும்பம் போகாமல் தடுக்க முடிந்தால், அதைவிடப் பெரிய உதவி வேறு என்ன இருக்க முடியும்?

நடந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரை ரத்தத்தில் ஓடுகிறது. அது தசைக்குள் போக ஒரு கதவு உண்டு. இன்சுலின்தான் அந்தக் கதவின் சாவி. நம்மில் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை சர்க்கரை நோயில் சாவி சரியாகத் திருகுவதில்லை. ஆனால் தசை வேலை செய்யும்போது, இன்சுலினுக்குக் காத்திராமல் தானே இன்னொரு வழியைத் திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாட்களுக்கு இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்யும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்கிறார்கள். வெள்ளிக்கிழமை நடந்த நடை அடுத்த வெள்ளி வரை தாங்காது.

எவ்வளவு செய்ய வேண்டும்? வாரத்துக்கு 150 நிமிடம். ஒரு நாளைக்கு அரைமணி நேரம், ஐந்து நாள். பேச்சுக் கொடுத்தால் பேச முடிய வேண்டும், ஆனால் மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும். அந்த வேகம் போதும். அரைமணியை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்தும் செய்யலாம்.

பலன் உண்டா என்றால், நம் தமிழ் மக்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2006இல் முடிவு வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவைச் சீராக்கி, தினமும் அரைமணி வேகமாக நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. ஏற்கெனவே சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களையும், உடல் உழைப்பு உள்ளவர்களையும் "அதையே விடாமல் செய்யுங்கள்" என்று சொன்னார்கள். ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"வீட்டு வேலை செய்கிறோமே, அதுவே உடற்பயிற்சிதானே?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். அம்மியில் அரைத்து, உரலில் இடித்து, கிணற்றில் தண்ணீர் இறைத்த காலத்தில் அது சரி. இப்போது மிக்ஸி அரைக்கிறது, மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது, மெஷின் துணி துவைக்கிறது. வேலை ஓயவில்லை, உண்மைதான். களைப்பும் வருகிறது. ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்குத் தசை இயங்குவதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சகோதரர்களுக்கும், மெஷினுக்கு முன்னால் ஷிப்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்கிறவர்களுக்கும், வளைகுடாவில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர்களுக்கும் இதே நிலைதான்.

பிடித்ததைச் செய்வோம்

உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதைப் பேணுவதில் முகம் சுளிக்க வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணவனும் மனைவியும் சிரித்து ஓடிய அந்தச் செய்தியில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஆகவே, உங்களுக்கு எது பிடிக்குமோ அதிலிருந்து தொடங்குங்கள்.

பேச்சுத் துணை பிடித்தவர்கள் துணையோடு நடங்கள். அஸருக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களுமாகக் கிளம்பினால், ஊர்க்கதை முடிவதற்குள் அரைமணி போய்விடும். ஒருவர் சோம்பினாலும் மற்றவர் வந்து கதவைத் தட்டுவார்.

நடையில் மாற்றம் வேண்டுமா? வில்லியனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஊசுடு ஏரி இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் எங்கிருந்தோ வரும் பறவைகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கார் எடுத்து வருகிறார்கள், நாம் போவதில்லை. பாகூர்ப் பக்கம் பாகூர் ஏரிக் கரை இருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பமாகப் போய் நடந்துவிட்டு வாருங்கள். வெளிச்சம் வந்த பிறகு போங்கள், கரையில் புல் மண்டிய இடத்தில் கால் வைக்காதீர்கள்.

பேரப்பிள்ளைகள் உள்ள நன்னிமார், நன்னாமார் அவர்களோடு பந்து எறிந்து விளையாடுங்கள். மொட்டைமாடியில் பூப்பந்து மட்டையை எடுங்கள். அரைமணி ஆடினால் வியர்த்துவிடும். பிள்ளைகள் கையிலிருந்து செல்போனும் கீழே இறங்கும். ஒரே வேலையில் இரண்டு நன்மை.

செடி கொடி பிடித்தவர்கள் வீட்டுக் கொல்லையில் மண் கொத்தி, பாத்தி கட்டி, குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றுங்கள். கீரையும் வெண்டையும் உங்கள் தட்டுக்கே வரும். சைக்கிள் பழக்கம் விட்டுப்போனவர்கள் அதைத் துடைத்துக் காற்றடித்து வெளியே எடுங்கள். பால் வாங்க, கறி வாங்க பைக்கை உதைக்காதீர்கள். இளைஞர்கள் கைப்பந்து, கால்பந்து ஆடுகிறீர்கள், மாஷா அல்லாஹ். ஆனால் கல்யாணம் ஆனதும் ஆட்டத்தை விட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது. முப்பது வயதுக்குப் பிறகுதான் அது அதிகம் தேவைப்படுகிறது.

முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். கையை ஊன்றாமல் பத்து முறை. பிறகு சுவரில் இரு கைகளையும் வைத்துச் சாய்ந்து தள்ளி நிமிருங்கள், பத்து முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடை. கைக்கு ஒன்றாக எடுத்துத் தூக்கி இறக்குங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் தசை வலுவாகும். சர்க்கரையை உள்ளே வாங்கும் இடமே தசைதான் என்பதால், வயதானவர்களுக்கு இது மிக முக்கியம்.

பள்ளிவாசலும் நடையும்

தொழுகை வணக்கம். அதை நாம் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் அசைவுகள் மென்மையானவை, அதனால் அது மட்டும் சர்க்கரைக்குப் போதாது. ஆனால் பள்ளிவாசலுக்குப் போகும் நடையைக் கணக்குப் போடுங்கள். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை என்றால், போக வரப் பத்து நிமிடம். மூன்று வக்துக்கு நடந்து போனால் அரைமணி முடிந்தது. பக்கத்தில் இருக்கும் பள்ளிக்குக்கூட வண்டியில் வருவதை மட்டும் விட்டால் போதும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2016இல் வெளியிட்டார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் மொத்தமாக அரைமணி நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம் குறைந்தது. அப்படியானால் மஃரிப் தொழுததும் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, இஷாவுக்கு நடந்து போய் வருவது எவ்வளவு நல்ல ஏற்பாடு! வலீமா விருந்தில் பிரியாணி சாப்பிட்ட அன்றும் உடனே சாயாமல் பத்து நிமிடம் நடங்கள்.

ஹஜ், உம்ரா நிய்யத் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடந்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. தவாஃப் அதற்கு மேல். இங்கே தெருமுனை வரைகூட நடக்காதவர் அங்கே போய் ஒரே நாளில் அவ்வளவு நடந்தால் காலில் கொப்புளம் வரும். உணர்ச்சி குறைந்த காலாக இருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. பணம் கட்டிய அன்றிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள். புறப்பட மூன்று மாதம் இருக்கும்போது பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அங்கே போடப் போகும் செருப்பை இங்கேயே போட்டுப் பழகுங்கள்.

நோன்பு மாதத்தில், இஃப்தாருக்கு முன் கடைசி மணி நேரத்தில் கடினமான பயிற்சி வேண்டாம். தராவீஹ் தொழுகிறவர்கள் அதையும் அன்றைய உடல் உழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ரமலானுக்கு ஆறு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நோன்பு நேரத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. உயிரைக் காக்க மார்க்கம் தந்திருக்கும் சலுகை அது.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கக்கூடாது. சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே நின்று மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிடுங்கள். 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மறுபடி சாப்பிடுங்கள். நடக்கப் போகும்போது சட்டைப் பையிலோ புர்கா பையிலோ சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

வெறுங்காலோடு நடக்காதீர்கள். கூழாங்கல்லில் வெறுங்காலோடு நடந்தால் சர்க்கரை குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அளவான, பின்பக்கம் வார் உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். இரவு படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். பெற்றோருக்குச் செய்யும் கித்மத் அது.

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல் வந்தால் நின்றுவிடுங்கள். அது அடங்கினாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்கள், கண்ணில் ரத்தக்கசிவு என்று சொல்லப்பட்டவர்கள், காலில் புண் உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. மாத்திரையை யாரும் தாமாகக் குறைக்க வேண்டாம். நடந்து சர்க்கரை இறங்கினால் டாக்டரே குறைப்பார்.

கடலூர் சாலை, விழுப்புரம் சாலை ஓரங்களில் நடப்பதைத் தவிருங்கள். வேறு வழியில்லை என்றால் வண்டிகள் எதிரே வரும் பக்கத்தில் நடங்கள். சுப்ஹுக்குப் பிறகு இருட்டில் கறுப்பு உடை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. கையில் டார்ச் இருக்கட்டும்.

பெண்களுக்கு இடம் எங்கே?

கடைசியாக, நாம் மனம் திறந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

புதுச்சேரி நகரத்தில் கடற்கரைச் சாலையை மாலை முதல் காலை வரை வண்டிகளுக்கு அடைத்து, நடக்கிறவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். நம் கொம்யூன் ஊர்களில் அப்படி ஓர் இடம் இல்லை. ஆண்களாவது டீக்கடை வரை நடக்கிறார்கள். நம் பெண்கள்? "நடக்க ஆசைதான், தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்" என்று தாய்மார்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்த நாலு பேர் யார்? நாம்தான். ஒரு பெண் தன் உடல்நலத்துக்காக, கண்ணியமான உடையில், துணையோடு நடப்பதைப் பற்றிப் பேசும் வாய், நாளை அவர் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கும்போது என்ன செய்யப் போகிறது?

சென்னை ஏசியாட் காலனியைப் பற்றி முதலில் சொன்னோம். அங்கே டாக்டர் வி. மோகன் குழுவினர் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்திய பிறகு, குடியிருப்பு மக்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். அதற்கு முன் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 100க்கு 14 பேர். பிறகு எடுத்த கணக்கில் 59 பேர். அங்கேயும் முன்பு சொல்லப்பட்ட அறிவுரை இதேதான். இடம் வந்ததும்தான் மக்கள் நடந்தார்கள்.

நம்மிடம் பூங்கா கட்டப் பணம் இல்லாமல் இருக்கலாம். மதரஸா முற்றம் இருக்கிறது. சில ஊர்களில் ஷாதி மஹால் மண்டபம் விசேஷம் இல்லாத நாட்களில் காலியாகக் கிடக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகளிடமும் முத்தவல்லிமார்களிடமும் நாம் கேட்பது இதுதான்: வாரத்தில் ஐந்து நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம், அந்த இடத்தைப் பெண்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். செலவு ஒரு சாவியும் ஒரு விளக்கும்தான். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் வீட்டு ஆண்களின் பொறுப்பு. "போய் வா" என்று சொல்லிவிட்டு, டீ வரவில்லை என்று கோபித்துக்கொண்டால் அது அனுமதி ஆகாது.

சகோதரிகளே, இடம் கிடைக்கும் வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே மொட்டைமாடியில் பத்து நிமிடம் தொடங்குங்கள். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மனம் தளராதீர்கள், மறுநாள் தொடருங்கள்.

இந்த இதழைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இன்று ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: "உங்களுக்கு எது பிடிக்கும்? நடையா, சைக்கிளா, தோட்டமா, பந்தா?" அத்தாவிடம் கேளுங்கள், அம்மாவிடம் கேளுங்கள். பதில் கிடைத்ததும் அவர்களோடு நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். தங்கள் ஊரில் பெண்களுக்கு இடம் ஒதுக்க முன்வரும் ஜமாஅத்தினர் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் சொன்னால், விளக்கு, பாய், குடிதண்ணீர் ஏற்பாட்டில் நம்மால் ஆனதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

நோயைத் தந்தவனே நிவாரணத்தையும் தருகிறான். அதை நோக்கி நடந்து போவது நம் வேலை. அல்லாஹ் நம் கால்களுக்கு வலுவையும், நம் இல்லங்களுக்கு ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.